செகரட்டரியின் பிரேக்

எட்டு இருந்தது, பத்து இருந்தது, பன்னிரண்டு, பதிமூன்று, பதினைந்து, பதினேழு எல்லாம் இருந்தன. பதினாலு மட்டும் இல்லை.

கோவிந்தராஜன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். போல்ட்டு கழற்றும் சாக்கெட்டுகள் பழைய போர்வையில் உருண்டன. திரும்ப வரிசையாக அடுக்கினார். மறுபடியும் பதினாலு இல்லை. எண்ணுவதில் தவறு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அவர் இருபத்தாறு வருடமாகத் தணிக்கை வேலை பார்ப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சால்ட் லேக்கில் அரசு ஊழியர் குடியிருப்பின் டி பிளாக் மாடிப்படி வாசலில், அவருடைய பழைய வெள்ளைக் கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. வலது சக்கரம் கழற்றப்பட்டுப் புல்லில் கிடந்தது. உள்ளே பிரேக் பேடுகளைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்புப் பிடியில் இரண்டு போல்ட்டுகள். இரண்டுக்கும் பதினாலுதான் வேண்டும்.

நிமிர்ந்து இரண்டாம் மாடி பால்கனியைப் பார்த்தார்.

"நாகு, பதினாலாம் நம்பரைப் பாத்தியா?"

மனைவி நாகலட்சுமி ஈரத்துணியை உதறியபடி எட்டிப் பார்த்தாள். "என்ன நம்பர்?"

"பதினாலு. உருண்டையா, குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும்."

"பதிமூணு இருக்கா?"

"இருக்கு."

"அதை வச்சுப் பண்ணுங்களேன். ஒண்ணுதானே கம்மி."

கோவிந்தராஜன் பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்தக் காரின் பிரேக் எட்டு மாதமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. சாதாரணக் கீச்சு இல்லை. கேட்டுக்கு வெளியே இருக்கும் திருப்பத்தில் மிதித்தால் ஐந்து பிளாக்குக்கும் கேட்கும். குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி அவர்தான். குழாய் ஒழுகினாலும் நாய் குரைத்தாலும் அவரிடம்தான் புகார் வரும். இந்தக் கீச்சைப் பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று முறை மிஸ்திரியிடம் கொண்டுபோனார். மூன்று முறையும் அவன் காரைச் சுற்றி வந்து, "பிரேக் நல்லாப் பிடிக்குது தாதா. சத்தம் மட்டும்தான். அது இந்தக் காரோட சுபாவம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். அங்கே தாதா என்றால் அண்ணன்.

இத்தனை நாள் பொறுத்தவரால் இந்த வாரம் பொறுக்க முடியவில்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டைரக்டர் ஏ பிளாக்கில் குடியேறியிருந்தார். வெள்ளிக்கிழமை அலுவலக லிஃப்டில், "திங்கள்லேருந்து உங்க கார்லயே வந்துடறேனே" என்றவர், இறங்கும்போது, "ஆனா சாயங்காலம் கத்துதே, அது உங்க கார்தானா? அப்படின்னா யோசிக்கணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கோவிந்தராஜனின் சென்னை மாற்றல் விண்ணப்பம் அந்த டைரக்டரின் மேஜையில் இருந்தது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நாற்பது நிமிடம். மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேசினால் ஒரு கையெழுத்து கிடைக்காதா? கல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருடமாகிவிட்டது. அவருக்கு அலுத்துவிட்டது. ஈரக் காற்றும் கூட்டமும் அலுத்துவிட்டன. மீன் பிடிக்காது என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்குவதும் அலுத்துவிட்டது.

நாகலட்சுமியும் முதல் பத்து வருடம் இந்த ஊரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். இப்போது ஒரு வருடமாகத் திட்டுவதில்லை. "சென்னை கிடைச்சிரும் போலருக்கு" என்று வெள்ளியன்று சொன்னபோது, "இங்க என்ன குறைச்சல்?" என்று கேட்டாள். பாவம், மனம் மரத்துப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது.

ஆகவே ஏழு வீடியோ பார்த்தார். ஹைட்ராலிக் ஜாக்கி, காரைத் தாங்கி நிறுத்தும் இரண்டு ஸ்டாண்டுகள், சாக்கெட் பெட்டி, சி கிளாம்ப், கம்பி பிரஷ், கையுறை, நான்கு புதிய பேடுகள் என்று ஒன்று விடாமல் வாங்கினார். சரியான கருவிகள் இருந்தால் வீட்டிலேயே யாரும் இதைச் செய்யலாம் என்று ஏழு வீடியோவிலும் சொன்னார்கள். அவர்கள் யாரும் டி பிளாக்கில் இருந்ததில்லை.

"என்ன கோபிந்தோ-தா, காரைக் கொன்னுட்டீங்களா?"

கீழ் வீட்டு ஹால்தார் தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்றார். ரிட்டையரானவர். குரங்குக் குல்லாயும் மப்ளரும் போட்டிருந்தார். ஜனவரி.

"பதினாலாம் நம்பர் காணோம்."

"அவ்வளவுதானே? இருங்க."

உள்ளே போய் ஒரு ஸ்க்ரூ ஸ்பேனருடன் வந்தார். அரை முழ நீளம். "என் மாமனார் குடுத்தது. ரயில்வேல இருந்தவர். இதுக்கு நம்பரே கிடையாது. எல்லா நம்பரும் இதுதான்."

கோவிந்தராஜன் சட்டையைக் கழற்றிப் படிவாசல் நோட்டீஸ் பலகையின் ஆணியில் மாட்டினார். பலகையில் அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய அறிவிப்பு இருந்தது. குடியிருப்பில் எவ்வித வியாபாரமும் கூடாது, மீறுவோர் பற்றி மேலிடத்துக்குப் புகார் போகும் என்பது அதன் சாரம். சி பிளாக்கில் புடவை விற்ற ஓர் அம்மாளைப் போன வருடம் அவர்தான் நிறுத்தினார். வீடு அரசாங்கத்தினுடையது, அதில் கடை போடலாமா என்பது அவர் கட்சி.

ஸ்பேனரைப் பொருத்தி அழுத்தினார்.

"நகருதா?" என்றார் ஹால்தார்.

"ஏதோ நகருது."

நகர்ந்தது ஸ்பேனர்தான். எடுத்துப் பார்த்தபோது போல்ட்டின் ஆறு மூலைகளில் மூன்று மழுங்கியிருந்தன.

"பிடிவாதக்கார போல்ட்டு" என்றார் ஹால்தார். "விட்டுடுங்க கோபிந்தோ-தா. சத்தம் வந்தா வந்துட்டுப் போகுது. உங்க கார் கத்தினாத்தான் எங்களுக்குச் சாயங்காலம் ஆனதே தெரியும்."

"எனக்கும் அதுல ஒரு நல்லது நடந்துட்டுதான் இருக்கு" என்று கோவிந்தராஜன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "முன்னெல்லாம் ஆபீஸ்லேருந்து வந்தா அரை மணி நேரம் காத்திருந்தாத்தான் காப்பி. இப்ப நான் கதவைத் தட்டறதுக்குள்ள டம்ளர் மேஜைமேல இருக்கும். தரை துடைச்சிருக்கும். அவளும் சஹானாவும் சோபாவுல அமைதியா உக்காந்திருப்பாங்க. எட்டு மாசமா ஒரு நாள் தவறினதில்ல. வயசாக ஆகத்தான் பாசம் கூடுது தாதா."

ஹால்தாருக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்து, "பௌதி ரொம்ப நல்லவங்க" என்றார். பௌதி என்று அங்கே எல்லோரும் நாகலட்சுமியைத்தான் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் கேட் காவலாளி ராம்தீன் வந்தான். கார் டிக்கியில் இருந்த இட்லி அரிசி மூட்டையை யாரும் சொல்லாமலே தோளில் தூக்கி இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இறங்கியிருந்தான். முந்தின நாள் லேக் மார்க்கெட்டில் வாங்கிய மூட்டை அது. மூன்று பேருக்கு எதற்கு இத்தனை அரிசி என்று கோவிந்தராஜன் ஒருமுறை கேட்டார். "எலி தின்னுடுதுங்க" என்றாள் நாகலட்சுமி. தணிக்கை அதிகாரி அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை.

"துருதான் சாப். எண்ணெய் விட்டா இளகிரும்" என்ற ராம்தீன், அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் கடுகெண்ணெய் பாட்டிலைச் சாய்த்துவிட்டான். போல்ட்டில் பட்டது சில துளி. மீதி முழுவதும் பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில் வழிந்தது. தகடு பொரித்த மீன் போல மினுமினுத்தது.

"எண்ணெய் படவே கூடாத இடம் ஒண்ணு இருக்கு இந்த உலகத்துல" என்றார் கோவிந்தராஜன். குரல் உயரவில்லை. "அது இதுதான்."

மகள் சஹானா பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஒரு வாளித் தண்ணீருமாக ஓடி வந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பவள். "நான் கழுவித் தரேன் பா, துமி போஷோ."

உட்காரச் சொன்னாள் என்பதால் உட்கார்ந்தார். தகடு சுத்தமானது. ஆனால் வாளியின் இரண்டாம் பாதி போர்வைமேல் கொட்டியது. புத்தம் புதிய சாக்கெட்டுகள் சோப்பு நுரையில் மிதந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் துடைத்தார். பதிமூன்றைத் துடைக்கும்போது கை நின்றது.

மழுங்கிய போல்ட்டின்மேல் பதிமூன்றை வைத்துச் சுத்தியலால் நான்கு அடி அடித்தார். இறுக்கமாக உட்கார்ந்தது. திருகினார். போல்ட் ஒரு முனகலோடு சுழன்றது.

"நாகு, நீ சொன்னதுதான் சரி. பதிமூணுலயே வந்துருச்சு."

பால்கனியில் நாகலட்சுமியின் முகம் வாடிவிட்டது. விரல் நசுங்கிவிடுமோ என்று கவலைப்படுகிறாள் என நினைத்துக் கையை ஆட்டிக் காட்டினார்.

பிடியை மேலே தூக்கிக் கம்பியால் கட்டினார். பழைய பேடுகள் கையோடு வந்தன. தேயவில்லை, ஆனால் கண்ணாடி போல வழவழத்திருந்தன. கீச்சுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு நாளில் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். அந்த நேரத்தில் உள்ளே ஏதோ நகர்ந்தது. பிடியின் வாயிலிருந்து உருளையான பிஸ்டன் நாக்கு நீட்டுவதுபோல் மெதுவாக வெளியே வந்தது.

எட்டிப் பார்த்தார். சஹானா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பிரேக் ஒர்க் ஆகுதான்னு பாத்தேன் பா."

"சக்கரமே இல்லாத கார்லயா?"

"அதான் பயமா இருந்துச்சு."

அவள் மிதித்ததில் பிரேக் ஆயிலின் அளவு இறங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்த ஹால்தார் உடனே கண்டுபிடித்து, புதிய பாட்டிலிலிருந்து கழுத்துவரை நிரப்பினார். இது தெரியாத கோவிந்தராஜன் சி கிளாம்பை மாட்டி, பிஸ்டனை நியாயமான முறையில் உள்ளே தள்ளினார். உள்ளே போன பிஸ்டன் ஆயிலை மேலே தள்ளியது. மேலே ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டை நோக்கி ஓடியது.

"ஏதாவது பாத்திரம் குடுங்க, சீக்கிரம்."

சுற்றிலும் அதற்குள் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். கல்கத்தாவில் ஒருவர் பானெட்டைத் திறந்தால் பத்துப் பேர் யோசனை சொல்ல வருவது சகஜம். அன்று வந்தவர்கள் எல்லோரும் சால்வைக்குள் எதையோ அணைத்துக்கொண்டு நின்றார்கள். குளிர். பி பிளாக்கிலிருந்துகூட இருவர் வந்திருந்தார்கள். ஹால்தாரின் மனைவி கையில் மட்டும் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு பளிச்சென்று தெரிந்தது.

"அதைக் குடுங்களேன், ஆயில் பிடிச்சுட்டுக் கழுவித் தரேன்."

அந்த அம்மாள் தூக்கைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். "இது தர முடியாது. பால் வாங்கற பாத்திரம்."

பால் பாக்கெட்டில்தானே வருகிறது என்று கோவிந்தராஜனுக்குத் தோன்றியது. ஆனால் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்து அணை கட்டினார்.

வலது சக்கரத்தை மாட்டி முடித்தபோது மணி ஒன்றரை. நாகலட்சுமி தயிர்சாதத் தட்டுடன் இறங்கி வந்தாள். அவர் படியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடலாமா என்று யோசித்தார். வலது கை பார்க்கும்படி இல்லை. அவளே ஸ்பூன் கொடுத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்தப் பக்கத்துக்கே நாலரை மணி நேரம் ஆச்சு. அந்தப் பக்கமும் அவ்வளவு ஆகும்."

"அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருப்பீங்களா? படிக்கு எதிர்லயே?"

"முடிக்காம எழுந்திரிக்க மாட்டேன்."

நாகலட்சுமி ஹால்தார் மனைவியைப் பார்த்தாள். ஹால்தார் மனைவி ஹால்தாரைப் பார்த்தார். ஹால்தார் ராம்தீனைப் பார்த்தார்.

பத்தாவது நிமிடம் பதினாலாம் நம்பர் கிடைத்துவிட்டது.

"வாஷிங் மெஷினுக்கு அடியில கிடந்துச்சுங்க" என்று நாகலட்சுமி கொண்டுவந்து கையில் வைத்தாள். "சட்டுனு முடிங்க. உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகறது."

அதன்பிறகு நடந்ததைக் கோவிந்தராஜனால் நம்ப முடியவில்லை. காலையிலிருந்து காலை வாரிய அதே கைகள் இயந்திரம் போல வேலை செய்தன. ராம்தீன் ஜாக்கியை அடித்தான். ஹால்தார் சக்கர நட்டுகளைக் கழற்றித் தன் குல்லாயில் பத்திரப்படுத்தினார். சஹானா அப்பா பார்த்த வீடியோவை மனப்பாடமாகச் சொன்னாள்: "முதல்ல கீழ் போல்ட்டு, பிடியைத் தூக்கு, பேடை உருவு, பிஸ்டனைத் தள்ளறதுக்கு முன்னாடி மேல ஆயிலை எடு." ஒரு சிரிஞ்சும் எங்கிருந்தோ வந்தது. பி பிளாக்காரர் ஒருவர் தகட்டைத் துடைத்தே வைத்திருந்தார்.

இடது பக்கம் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

"இவ்வளவு நல்லா வேலை தெரியுமா உங்களுக்கெல்லாம்?" என்றார் கோவிந்தராஜன். பதினோரு வருடமாக இந்த மனிதர்களைத் தவறாக எண்ணிவிட்டோமே என்று இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க பின்ன எதுக்கு இருக்கோம்?" என்றார் ஹால்தார், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே.

காரை இறக்கினார். உட்கார்ந்து, வீடியோவில் சொல்லியிருந்தபடி பிரேக்கை இருபது முறை மிதித்தார். கால் கெட்டியாக நின்றது.

"புது பேடு நல்லா உக்காரணும். ஏர்போர்ட் பக்கம் வரைக்கும் ஓட்டிட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆகும்."

"நிதானமாப் போய்ட்டு வாங்க" என்றாள் நாகலட்சுமி.

"ரெண்டு மணி நேரம்கூட எடுத்துக்கலாம்" என்றார் ஹால்தார்.

எல்லோரும் கையசைத்து வழியனுப்பினார்கள். அவரை யாரும் இப்படி வழியனுப்பியதில்லை.

நான்காம் நம்பர் தண்ணீர் டேங்க் அருகே முதல்முறை அழுத்தினார். கார் நின்றது. சத்தம் இல்லை. இரண்டாம் முறை வேகத்தில் மிதித்தார். சத்தம் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாம் முறை மிதித்தார். தேநீர்க் கடை ரேடியோ கேட்டது, யாரோ தும்மியது கேட்டது, பிரேக் மட்டும் கேட்கவில்லை. தன் கையால், தன் கருவியால் ஒரு காரியத்தை முடித்துவிட்டார்.

நாளைக் காலை என்ன பேச வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்திக்கொண்டார். முதலில் வானிலை. பிறகு டைரக்டரின் குடும்ப நலம். உல்டாடாங்கா நெரிசலில் நிற்கும்போது, "சார், என் மனைவிக்கு இந்த ஊரே ஒத்துக்கலை, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கா" என்று ஆரம்பிக்க வேண்டும்.

ஏர்போர்ட் வரைக்கும் போகவில்லை. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டார்.

கேட் மூடியிருந்தது. வழக்கமாக அவர் திருப்பத்தில் மிதிக்கும்போதே ராம்தீன் கேட்டைத் திறந்துகொண்டிருப்பான். இப்போது ஸ்டூல்தான் இருந்தது, அவன் இல்லை. யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. இறங்கி, தானே திறந்து, காரை உள்ளே விட்டு, தானே மூடினார். டி பிளாக் வாசலில் கார் பூனை போல வந்து நின்றது.

நோட்டீஸ் பலகையில் சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. போட்டுக்கொள்ளத் தெம்பில்லாமல் தோளில் போட்டுக்கொண்டார். பனியன் முழுக்க கிரீஸ், வேட்டியில் கடுகெண்ணெய், நெற்றியில் கறுப்பு. காப்பி மேஜைமேல் தயாராக இருக்கும் என்ற ஒரே நினைப்பில் கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார்.

முதல் மாடி தாண்டியதும் வழியில்லை. படிக்கு ஒருவராக ஆட்கள் நின்றிருந்தார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. சால்வைகளுக்குள்ளிருந்து டப்பாக்களும் தூக்குகளும் வெளியே வந்திருந்தன. மேலே ஒரு குல்லாய் ஹால்தாருடையது போல் இருந்தது. அதற்கும் மேலே, அவர் வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே கிரைண்டர் ஓடியது. "ஆர் ஏக் கேஜி" என்று இன்னும் ஒரு கிலோ கேட்கும் சஹானாவின் குரலும், அகப்பை பாத்திரத்தில் மோதும் சத்தமும் கேட்டன.

வரிசையின் கடைசியில் நின்ற இளைஞன் திரும்பிப் பார்த்தான். கழுத்தில் செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனி அட்டை, கையில் பிளாஸ்டிக் டப்பா. புதுமுகம். அவருடைய பனியனையும் கிரீஸையும் பார்த்து, வேலை முடித்து வந்த யாரோ மெக்கானிக் என்று எண்ணியிருக்க வேண்டும். "தமிழாண்ணே?" என்று சிரித்து, ஒதுங்கி, தனக்குப் பின்னால் இடம் காட்டினான்.

"இப்படி நில்லுங்கண்ணே, எல்லாருக்கும் மாவு கிடைக்கும், அவசரமே இல்ல. இந்த பிளாக்ல யாரோ ஒரு செகரட்டரி இருக்காராம், அவர் கார் பிரேக் கீச்சுனு கத்தினாத்தான் அக்கா கடையைச் சாத்துவாங்க."